திருகாணி வைத்தியம்

மலையகத்துக் கராஜ்களில் நெடுங்காலமாக வழக்கில் இருக்கும் ஒரு வைத்தியத்தைப் பற்றி இன்று எழுத வேண்டியிருக்கிறது. அரசியலை எதிர்பார்த்து இப்பக்கத்துக்கு வரும் நண்பர்கள் பொறுத்தருள்க. ஒருவகையில் இதுவும் அரசியல்தான்.

வைத்தியம் இதுதான். பழைய கார் ஒன்று புகையிரதக் கடவையில் நிறுத்தியதும் நடுங்குகிறது. எக்ஸலேட்டரில் இருந்து காலை எடுத்தால் எஞ்சின் இருமுகிறது, தள்ளாடுகிறது, சில வேளைகளில் அணைந்தே போகிறது. உரிமையாளர் அதைக் கராஜுக்குக் கொண்டுபோகிறார். பாஸ் பொனட்டைத் திறக்கிறார். சட்டைப்பையில் இருந்து திருப்புளியை எடுத்து, காபுரேட்டரின் பக்கவாட்டில் இருக்கும் சிறிய திருகாணி ஒன்றை அரைச் சுற்று உள்ளே திருகுகிறார். எஞ்சின் உரத்த குரலில் உறுமத் தொடங்குகிறது. நடுக்கம் நின்றுவிடுகிறது. "சரிங்க ஐயா, இப்ப எடுத்துப் பாருங்க" என்கிறார். பணம் கைமாறுகிறது. இருவருக்கும் திருப்தி.

இதை வைத்தியம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். புண்ணுக்குப் புனுகு பூசும் காரியம் இது. சமதரையில் ஓடும் வாகனமென்றால் கொஞ்சம் பெற்றோல் விரயத்தோடு போய்விடும். கினிகத்தேனையில் இருந்து நோட்டன் பிரிட்ஜுக்கு ஏறி, அங்கிருந்து மஸ்கெலியாவுக்கும் ஹட்டனுக்கும் பிரிந்து செல்லும் பாதைகளில், கொண்டை ஊசி வளைவும் ஒருபக்கம் பள்ளமுமாக இறங்கி வரும் வாகனமென்றால், அந்த அரைச் சுற்று உயிரோடு விளையாடுவதாகும். எப்படி என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இயந்திர விடயங்களில் ஆர்வமில்லாத வாசகர்கள், குறிப்பாக மாதமொருமுறை வான் பிடித்து ஊருக்குப் போகிறவர்கள், சிரமம் பாராமல் தொடர்ந்து வாசிக்க வேண்டுகிறேன்.

பெற்றோல் எஞ்சின் அடிப்படையில் காற்றை உறிஞ்சும் ஒரு பம்பி. பிஸ்டன் கீழிறங்கும்போது காற்றை இழுக்கிறது. அது வரும் வழியில் 'திரொட்டில்' என்று ஒரு கதவு இருக்கிறது. காலை எடுத்ததும் அக்கதவு ஏறத்தாழ முழுதாக மூடிக்கொள்கிறது. பிஸ்டன்களோ இழுப்பதை நிறுத்துவதில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு சிறு துவாரத்தின் வழியே மூச்சிழுக்க முயல்வதைப் போன்ற நிலை. அதனால் கதவுக்கும் எஞ்சினுக்கும் இடைப்பட்ட 'மெனிபோல்ட்' என்ற குழாய்த் தொகுதிக்குள் காற்றழுத்தம் வெளியில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகக் குறைந்துவிடும். இதைத்தான் தொழிலில் 'வெக்கியூம்' என்கிறார்கள். முழுமையான வெற்றிடம் அல்ல. ஆனாலும் வலிமையான இழுவிசை. காலை எடுத்த நிலையில் எஞ்சின் தானாக ஓடும் மெல்லோட்டத்துக்கு 'ஐடில்' என்று பெயர். பழைய பாஸ்மார் 'ஸ்லோ' என்பார்கள்.

ஐடிலில் எஞ்சின் உட்கொள்ளும் காற்று மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்துக்கு அளவாகவே காபுரேட்டர் பெற்றோலை விடுகிறது. இந்த நேரத்தில் திரொட்டிலுக்கு அப்பால் எங்காவது ஓர் இறப்பர் குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்தால் போதும். யாரும் அளக்காத காற்று அதன்வழி உள்ளே புகுந்து, கலவை நீர்த்துவிடுகிறது. சிலிண்டர்கள் மாறி மாறி எரியாமல் விடுகின்றன. நடுக்கம் அதுதான். வேகம் கூடும்போது கதவு திறந்து பெருங்காற்று வருவதால் இந்தச் சில்லறைக் காற்று ஒரு பொருட்டாகத் தெரிவதில்லை. "ஓடும்போது நல்லா ஓடுது, நின்னாத்தான் கரைச்சல்" என்று வாடிக்கையாளர் சொல்லும் ஒற்றை வாக்கியத்திலேயே நோய் பாதி தெரிந்துவிடுகிறது. பெற்றோல் போதாத எஞ்சினின் கதை நேர்மாறானது. அது நிற்கும்போது சாதுவாக இருக்கும். ஏற்றத்தில் மூச்சு வாங்கும். இந்த வேறுபாட்டைக் காது கொடுத்துக் கேட்காத கையில் திருப்புளி இருப்பதுதான் ஆபத்து.

ஓட்டை எங்கே விழுகிறது? காபுரேட்டருக்கும் மெனிபோல்டுக்கும் இடையிலுள்ள கெஸ்கட்டிலும் இன்சுலேட்டரிலும், மெனிபோல்ட் சிலிண்டர் ஹெட்டோடு சேரும் இடத்திலும், எஞ்சினுக்குள் தேங்கும் புகையை மீண்டும் உள்ளிழுக்கும் குழாயின் அடிப்புறத்திலும் விழுகிறது. அந்த அடிப்புறம் கண்ணுக்குத் தெரியாது; எண்ணெய் ஊறி, பழுத்த பலாச்சுளை போல மெத்தென்று இருக்கும். டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய குழாய் இன்னோர் இடம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய காபுரேட்டரில் திரொட்டில் கதவைத் தாங்கும் தண்டே பல்லாண்டு தேய்ந்து துளை பெருத்துவிடும். மொறிஸ் மைனரின் எஸ்.யூ. காபுரேட்டரில் இது அறியப்பட்ட நோய். 1971 இல் உற்பத்தி நின்றுபோன கார் அது. அரை நூற்றாண்டுக்கு மேல் திறந்து மூடிய கதவின் தண்டு தேயாமல் என்ன செய்யும்? அங்கே திருகாணியைத் திருகுவது வீண்வேலை. துளைக்குப் புதிய புஷ் அடிக்க வேண்டும், அல்லது தண்டை மாற்ற வேண்டும்.

இடையில் ஒரு பழங்கதை. 1950களின் ஃபோர்ட் பிரிபெக்ட் கார்களில் கண்ணாடி துடைக்கும் வைப்பரும் இதே வெக்கியூமினால்தான் இயங்கியது. ஏற்றத்தில் எக்ஸலேட்டரை அமுக்கினால் திரொட்டில் திறந்து மெனிபோல்டின் இழுவிசை வீழ்ந்துவிடும். வைப்பர் சோர்ந்து பாதிவழியில் நின்றுவிடும். வட்டவளை மழையில் பிரிபெக்ட் ஓட்டியவர்கள் வைப்பர் அசைவதற்காகவே ஏற்றத்தில் காலைச் சற்று எடுத்து எடுத்துப் போனார்கள். வெக்கியூம் என்றால் என்னவென்று அந்தத் தலைமுறைக்கு வைப்பரே பாடம் நடத்தியது. பின்னர் வந்த கார்களில் வைப்பர் மின்சாரத்துக்கு மாறியது. வெக்கியூமோ கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வேலைக்குப் போய்விட்டது.

அந்த வேலை பிரேக். மொறிஸ் மைனருக்குப் பிரேக் பூஸ்டர் கிடையாது. ஓட்டுநரின் கால்பலமே முழுப்பலம். ஆனால் 1970களின் பிற்பகுதிக்குப் பின் இங்கு வந்து குவிந்த கொரோலா, சனி, லான்சர் போன்ற ஜப்பானியக் கார்களில் பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் இடையே கறுத்த வட்டச் சட்டி ஒன்று இருப்பதைப் பொனட்டைத் திறப்போர் காணலாம். அதுதான் பூஸ்டர். அதனுள்ளே ஓர் இறப்பர்த் திரை. திரையின் ஒருபக்கம் மெனிபோல்டின் வெக்கியூம். பெடலை மிதித்ததும் மறுபக்கம் வெளிக்காற்று நுழைகிறது. இரண்டுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு ஓட்டுநரின் காலுக்குத் துணையாக நின்று தள்ளுகிறது. மெனிபோல்டில் இருந்து பூஸ்டருக்குப் போகும் அந்தத் தடித்த இறப்பர் குழாயும், அதிலுள்ள ஒருவழி வால்வும், உள்ளேயுள்ள திரையும் மற்ற இறப்பர்களைப் போலவே மூப்படைகின்றன. அவற்றில் விழும் ஓட்டையின் முதல் அறிகுறி பிரேக்கில் தெரிவதில்லை, ஐடிலில்தான் தெரிகிறது.

இந்த இடத்தில்தான் திருகாணி வைத்தியம் குற்றமாகிறது. எஞ்சின் நடுங்கியது ஒரு முறைப்பாடு. "எனக்கு எங்கோ காற்றுப் போகிறது" என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. திருகாணியைத் திருகி, திரொட்டிலைச் சற்றுத் திறந்து வைத்து, அதன் வாயை அடைத்துவிட்டோம். ஓட்டை இருந்த இடத்திலேயே இருக்கிறது, வளர்கிறது. நடுக்கம் போய்விட்டதால் ஓட்டுநருக்கு எச்சரிக்கையும் போய்விட்டது. போதாக்குறைக்கு, கதவு சற்றுத் திறந்தே நிற்பதால் இறக்கத்தில் காலை எடுத்தாலும் எஞ்சின் முன்போல் இழுத்துப் பிடிப்பதில்லை. கியரின் பிடி தளர்ந்த அளவுக்குப் பிரேக் கூடுதலாக உழைக்க வேண்டும். பூஸ்டருக்குக் கிடைக்கும் வெக்கியூமிலோ ஏற்கெனவே கசிவு.

எனக்குத் தெரிந்த, நோட்டன் பிரிட்ஜ் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கொரோலா வாகனை எடுத்துக்கொள்ளுங்கள். வளைவுகளில் பிரேக்கை மிதித்தால் எஞ்சின் அணைந்துவிடுகிறது என்பது அவரின் முறைப்பாடு. முதல் கராஜில் திருகாணி. அடுத்த கராஜில் பிளக்கும் பொயின்டும் புதிதாகின. மூன்றாவதில், "காபுரேட்டர் செத்துப்போச்சு, வேறொன்று போடுவோம்" என்று பாவித்த காபுரேட்டர் ஒன்றைக் கணிசமான விலைக்குத் தலையில் கட்டினார்கள். அதன்பிறகும் மிதித்தால் அணைந்தது. மூன்று கராஜ்களிலும் ஒருவரேனும், 'ஏன் பிரேக்கை மிதிக்கும்போது மட்டும்?' என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் விடை கையிலேயே இருந்தது. பெடலை மிதித்ததும் பூஸ்டருக்குள் நுழையும் காற்று, கிழிந்த திரையின் வழியாக நேரே மெனிபோல்டுக்குப் பாய்கிறது. எஞ்சின் திணறி அணைகிறது. அணைந்த எஞ்சினில் வெக்கியூம் பிறப்பதில்லை. அதாவது எந்தக் கணத்தில் பிரேக் மிகவும் தேவையோ அந்தக் கணத்தில் பிரேக்கின் துணையைப் பிரேக்கே பறித்துக்கொண்டிருந்தது. அவர் மூன்று மாதம் பேரப்பிள்ளைகளோடு அந்த வாகனில் இறங்கி ஏறியிருக்கிறார்.

இப்படிப்பட்ட வாகனமொன்று பள்ளத்தில் விழுந்தால் செய்தி எப்படி வருமென்பது நமக்குத் தெரியும். "பிரேக் செயலிழந்தமையால் வேகக் கட்டுப்பாட்டை இழந்து" என்ற வாய்பாடு எங்கள் தொழிலில் தயாராக இருக்கிறது. எந்தப் பாகம், ஏன் செயலிழந்தது என்று எந்தச் செய்தி மேசையும் கேட்பதில்லை. 2023 ஜனவரி 20 ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்குவீதியில் பேருந்து மோதி 7 பேர் பலியானபோது சில நாட்கள் நாடு முழுவதும் மலைப்பாதைகளையும் பிரேக்கையும் பற்றிப் பேசியது. அந்தப் பேருந்தின் கதை வேறு; கனரக வாகனத்தின் பிரேக்கும் வேறு வகை. ஆனால் அந்தப் பேச்சும் வழக்கம்போல் ஓட்டுநர், வேகம், விதி என்று மூன்று சொற்களுக்குள் சுற்றி ஓய்ந்தது. பராமரிப்பு என்ற சொல் அதிகம் காதில் விழவில்லை.

'மலைக்காற்று மெல்லியது, இங்கே எல்லா வாகனமும் இப்படித்தான்' என்பது கராஜ்களில் கேட்கும் அடுத்த சமாதானம். இதில் பாதி உண்மை இருப்பதுதான் இதன் தீமை. நோட்டன் பிரிட்ஜ் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர். கொழும்பில் காற்றழுத்தம் பாதரச அளவில் ஏறத்தாழ 30 அங்குலமென்றால் நோட்டனில் 27, நுவரெலியாவில் 24. ஆகவே கொழும்பில் 17 முதல் 21 அங்குலம் வரை வெக்கியூம் மானியில் காட்டும் ஆரோக்கியமான எஞ்சின், நோட்டனில் 14 முதல் 18 வரையும் நுவரெலியாவில் 11 முதல் 15 வரையும்தான் காட்டும். 1,000 அடிக்கு ஓர் அங்குலம் குறையுமென்ற கணக்கை நினைவில் வைத்தால் போதும். கடற்கரை நாட்டில் எழுதிய கையேட்டைப் பார்த்து, 'பதினான்குதான் காட்டுகிறது, எஞ்சின் முடிந்தது, இறக்குவோம்' என்று நல்ல எஞ்சினைக் கழற்றிப் பிரிப்பது ஒரு தவறு. உண்மையான கசிவையே 'உயரம்' என்று சொல்லித் தள்ளிவிடுவது அதனினும் பெரிய தவறு.

உயரம் இன்னொரு சூழ்ச்சியும் செய்கிறது. மெல்லிய காற்றில் காபுரேட்டர் தேவைக்குச் சற்று மிகையாகவே பெற்றோலைக் கலக்கும். சிறிய வெக்கியூம் கசிவோ கலவையை நீர்க்கச் செய்யும். இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்துவிட்டால் நுவரெலியாவில் கார் அமைதியாக நிற்கும். கொழும்புக்கு இறங்கியதும் சிக்னலுக்குச் சிக்னல் அணையும். 'மலையில் நன்றாக இருந்தது, கொழும்புப் பெற்றோல் சரியில்லை' என்று பழி பெற்றோலின் மேல் விழும். பூஸ்டருக்கும் இதே கணக்குப் பொருந்தும். வெளிக்காற்றின் அழுத்தமே குறைவான உயரத்தில் பூஸ்டர் தரும் துணையும் குறைவு. நல்ல குழாய் உள்ள காருக்கே மலையில் கையிருப்புக் கொஞ்சம்தான். அதிலும் ஓட்டை விழுந்தால் மிஞ்சுவது என்ன? உயரம் கசிவைப் பொறுத்துக்கொள்வதற்கான காரணமே அல்ல. கசிவை ஒருநாளும் பொறுக்கக் கூடாது என்பதற்கான காரணம்.

இனி அரசியலுக்கு வருகிறேன். பழைய காரை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள், விற்றுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கலாமே என்று கொழும்பிலும் ரொறன்ரோவிலும் இருந்து கேட்கும் அன்பர்கள் உண்டு. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் இருபது வயது, முப்பது வயதுக் கார்கள் தங்கம் போல் விலையேறின. கதவு திறந்த பின்னரும் வரிச்சுமை காரணமாகப் புதிய காரின் விலை சாதாரண மனிதனின் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை. 1960களிலும் 70களின் முற்பகுதியிலும் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி இறுகியிருந்தபோதும் இந்நாடு இப்படித்தான் பழைய கார்களோடு குடும்பம் நடத்தியது. ஆகவே பழைய கார் எமக்கு ஆசையோ அலங்காரமோ அல்ல. வைத்தியசாலைக்கும் சந்தைக்கும் பரீட்சை மண்டபத்துக்கும் அதில்தான் போய்வருகிறோம்.

2022 ஐ யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஜூன் மாத இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக இருந்த காலம் அது. ஒருநாள் முழுக்கக் கொழுந்து பறித்தால் இரண்டு லீற்றருக்குச் சற்று மேல். அதன்பின் கியூ.ஆர். முறை வந்து, காருக்கு வாரம் 20 லீற்றர் என்ற பங்கீடு. அந்நாட்களில் மலையகச் சாரதிகளிடையே ஏற்கெனவே இருந்த ஒரு பழக்கம் இன்னும் பரவியது. இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டு எஞ்சினை அணைத்துவிட்டு உருண்டு வருவது. அணைந்த எஞ்சினில் பூஸ்டருக்கு மிஞ்சுவது ஒருவழி வால்வு காப்பாற்றி வைத்திருக்கும் வெக்கியூம் மட்டுமே. ஆரோக்கியமான காரிலேயே அது இரண்டு மூன்று மிதிக்குத்தான் காணும். கசியும் குழாயோடு உருண்டு வருபவனுக்கு முதல் மிதியே கல்லாக இருக்கும். சாவியை இன்னும் ஒரு திருப்புத் திருப்பினால் ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளலாம். பெற்றோலைச் சேமிக்கிறேன் என்று சொல்பவரின் காரில் ஐடில் திருகாணி ஒன்றரைச் சுற்று ஏற்றப்பட்டிருக்கும் என்பதுதான் இதிலுள்ள கொடுமை. ஒருபுறம் ஓட்டையை மறைக்க நாள் முழுக்கப் பெற்றோலை எரித்துவிட்டு, மறுபுறம் அதை இறக்கத்தில் உயிரைப் பணயம் வைத்துச் சேமிக்கிறோம்.

அரசாங்கம் இதற்கு என்ன செய்கிறது? ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை செய்கிறது. 2008 இல் தொடங்கப்பட்ட இத்திட்டத்தின்படி சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் கிடையாது. நோக்கம் நல்லது. ஆனால் மக்கள் இதை எப்படி எதிர்கொள்கிறார்கள்? பரிசோதனைக்கு முதல்நாள் கராஜில் திருகாணியைத் திருகிக்கொண்டு போகிறார்கள். 'பாஸ்' ஆனதும் மறுநாள் திருப்பித் திருகிக்கொள்கிறார்கள். சான்றிதழ் கைப்பெட்டிக்குள் போய்விடுகிறது. அந்தத் தாளில் அச்சாகியிருக்கும் எண்களை வாசிப்பவர் ஆயிரத்தில் ஒருவராவது இருப்பாரோ தெரியாது.

வாசித்தால் அது ஒரு நோயறி அறிக்கை! பெற்றோல் வாகனத்தை ஐடிலிலும் நிமிடத்துக்கு 2,500 சுழற்சியிலுமாக இருமுறை சோதிக்கிறார்கள். இரண்டிலும் கார்பன் மொனொக்சைட்டும் எரியாத ஹைட்ரோகார்பனும் அளக்கப்படுகின்றன. ஐடில் வரிசையில் கார்பன் மொனொக்சைட் குறைந்தும் ஹைட்ரோகார்பன் உயர்ந்தும் இருந்து, 2,500 வரிசையில் ஹைட்ரோகார்பன் இறங்கிவிட்டால், அந்த எஞ்சின் மெல்லோட்டத்தில் மட்டும் நீர்த்த கலவையால் தவறவிடுகிறது என்று பொருள். முதலில் சந்தேகிக்க வேண்டியது வெக்கியூம் கசிவு. இரண்டு வரிசையிலும் ஹைட்ரோகார்பன் உயர்ந்தே நின்றால் பிளக்கையும் வயரையும் வால்வையும் பார்க்கலாம். கார்பன் மொனொக்சைட் உயர்ந்திருந்தால் கலவை மிகை. கசிவை மறைக்க யாரோ பெற்றோலைக் கூட்டிவிட்டிருக்கவும் கூடும். பணம் கட்டி வாங்கிய இந்த அறிக்கையை எந்தக் கராஜிலாவது, "கொண்டு வாங்க, பார்ப்போம்" என்று கேட்டதுண்டா? தேறியதா இல்லையா என்பதைத் தவிர வேறெதையும் மக்களுக்குச் சொல்லித்தர அதிகாரிகளும் முன்வரவில்லை. பரிசோதனை நிலையத்தின் சுவரில் தமிழிலும் சிங்களத்திலும் பத்து வரி எழுதி ஒட்ட எவ்வளவு செலவாகும்?

கசிவைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையும் அல்ல. முதலில் கண்ணும் காதும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஒரு துண்டுக் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்து மறுநுனியை மெனிபோல்டைச் சுற்றி நகர்த்தினால் 'ஸ்ஸ்' என்ற சீறல் எங்கிருந்து வருகிறதென்று தெரியும்; மின்விசிறியிலும் பெல்டிலும் கையைக் கொடுத்துவிடாமல் இருப்பது முக்கியம். பின்பு ஒவ்வொரு வெக்கியூம் குழாயாகத் துணி சுற்றிய குறட்டினால் நெரித்துப் பார்ப்பது. எந்தக் குழாயை நெரித்ததும் எஞ்சினின் ஓட்டம் சட்டென்று மாறிச் சீராகிறதோ, ஓட்டை அந்தக் கிளையில். பூஸ்டர் குழாயிலேயே தொடங்கச் சொல்வேன், காரணம் மேலே சொல்லியாயிற்று. எதை நெரித்தும் மாற்றமில்லையென்றால் சந்தேகம் கெஸ்கட்டுக்கும் திரொட்டில் தண்டுக்கும் போகிறது. அந்த மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீரைத் துளித்துளியாகத் தெளித்தால், வெடிப்பு அதை உறிஞ்சும் கணத்தில் எஞ்சினின் குரல் மாறும்.

பெற்றோலைத் தெளித்துப் பார்க்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. தயவுசெய்து வேண்டாம். மொறிஸ் மைனரிலும் கொரோலாவின் கே வரிசை எஞ்சினிலும் காற்று நுழையும் மெனிபோல்டும் புகை வெளியேறும் மெனிபோல்டும் ஒரே பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. கொதிக்கும் இரும்பின்மேல் பெற்றோல் தெளிப்பதற்குப் பெயர் சோதனை அல்ல. இப்போது நகரத்துக் கராஜ்களில் புகை இயந்திரம் வந்திருக்கிறது. எஞ்சினை அணைத்துவிட்டு மெனிபோல்டுக்குள் மெல்லப் புகையூட்டினால் ஓட்டை இருக்கும் இடத்தில் சாம்பிராணி போட்டது போல் புகை எழும். பேய் எங்கே குடியிருக்கிறதென்று அப்படியே தெரிந்துவிடும்.

பூஸ்டரைச் சோதிக்கக் கராஜும் தேவையில்லை. சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பெடல் இறுகும்வரை நாலைந்து தடவை மிதியுங்கள். மிதித்த காலை அப்படியே வைத்துக்கொண்டு எஞ்சினை இயக்குங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வெக்கியூம் பூஸ்டருக்கு வரவில்லை, அல்லது அங்கே நிற்கவில்லை. அடுத்து, சற்று நேரம் ஓடவிட்டு அணைத்து, இரண்டு நிமிடம் கழித்து மிதியுங்கள். முதல் இரண்டு மிதியாவது மென்மையாக இருக்க வேண்டும். முதலாவதே இறுகியிருந்தால் ஒருவழி வால்வோ குழாயோ போய்விட்டது. கடைசியாக, ஐடிலில் ஓடவிட்டுப் பெடலை அமுக்கிப் பிடியுங்கள். சீறலோடு எஞ்சின் தொடர்ந்து தடுமாறினால் திரை கிழிந்திருக்கிறது. மூன்றுக்கும் சேர்த்துத் தேநீர் குடிக்கும் நேரம்தான் ஆகும். சிவனொளிபாதமலைப் பருவத்தில், டிசம்பர் முதல் மே வரை, நாட்டின் எல்லாத் திசைகளில் இருந்தும் இப்பாதைக்கு வாகனங்கள் வருகின்றன. கினிகத்தேனையில் சோற்றுக்கு நிறுத்தும்போது இதைச் செய்துவிட்டு ஏறலாம்.

டீசல் வான்காரர்கள் தங்களுக்கு இது பொருந்தாது என்று நினைக்க வேண்டாம். டீசல் எஞ்சினில் இத்தகைய வெக்கியூம் பிறப்பதில்லை என்பது சரி; அதனாலேயே பூஸ்டருக்கென்று தனிப் பம்பி வைத்திருக்கிறார்கள், பலவற்றில் அது ஒல்டனேட்டரின் முதுகிலேயே இருக்கும். அந்த வான்களில் ஐடில் நடுங்கிக்கூட எச்சரிக்காது. மேற்சொன்ன பெடல் சோதனைதான் ஒரே வழி.

1990களுக்குப் பின் வந்த ஊசி எஞ்சின்களில், அதாவது காபுரேட்டர் இல்லாமல் கணினி பெற்றோலை அளந்துவிடும் கார்களில், நோயின் முகம் மாறும். மெனிபோல்டின் அழுத்தத்தை அளக்கும் வகைக் கார், புகுந்த காற்றுக்கும் சேர்த்துப் பெற்றோலை விடுவதால் நடுங்குவதற்குப் பதில் ஐடில் ஏறிக்கொள்ளும். வரும் காற்றை வாசலிலேயே அளக்கும் வகையோ பின்கதவால் புகுந்ததை அறியாமல் நீர்த்துப்போய் நடுங்கும். இரண்டிலும் நம்மவர் முதலில் கைவைப்பது ஐடில் வால்வில், அடுத்தது சென்சரில், பிறகு கணினிப் பெட்டியிலேயே. முன்பு திருகாணி செய்த வேலையை இப்போது பாகம் மாற்றுதல் செய்கிறது. செலவு மட்டும் பல மடங்கு.

பாஸ்மாரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. மலையகத்துக் கராஜ்களில் வேலைசெய்யும் இளைஞர்களில் பெரும்பாலோர் கண்ணால் பார்த்துக் கையால் பழகியவர்கள். அவர்களுக்கு யாரும் முறையாகச் சொல்லித்தரவில்லை. தொழிற்பயிற்சி நிலையங்கள் எல்லாத் தோட்டத்துப் பிள்ளைக்கும் எட்டும் தூரத்திலோ மொழியிலோ இல்லை. அத்தோடு, ஒரு மணி நேரம் குனிந்து நின்று ஒவ்வொரு குழாயாக நெரித்துப் பார்த்து, ஓர் அடி இறப்பர் குழாயை மாற்றிவிட்டு, அந்த ஒரு மணி நேரத்துக்குக் கூலி கேட்டால் நாம் கொடுக்கிறோமா? "ஒரு ஹோஸ் மாத்தினதுக்கு இவ்வளவா?" என்று சண்டை பிடிக்கிறோம். புதுக் காபுரேட்டருக்கு முணுமுணுக்காமல் எண்ணிக் கொடுக்கிறோம். பொருளுக்குக் காசு, அறிவுக்குக் காசில்லை என்ற இந்தக் கஞ்சத்தனமே அவர்கள் கையில் திருப்புளியைக் கொடுத்திருக்கிறது. டாக்டர் நாடி பார்த்ததற்குக் கட்டணம் கொடுத்துவிட்டு, மருந்து எழுதாவிட்டால் மனம் சமாதானமடையாத நோயாளிகள் அல்லவா நாம்!

நோட்டனில் கெஹெல்கமு ஓயாவை மறித்து நிற்கும் அணையைப் பார்த்திருப்பீர்கள். லக்சபான நீர்மின் திட்டத்தின் முதற்கட்டத்துக்காகக் கட்டப்பட்டது. 1950 இல் இருந்து இந்நாட்டுக்கு ஒளி தருகிறது. அந்த அணையில் வெடிப்புக் கண்டால், நீர்மட்டத்தைச் சரிக்கட்ட மழை இன்னும் பெய்யட்டும் என்று மின்சார சபைப் பொறியியலாளர் சொன்னால் ஊர் சும்மா இருக்குமா? காரில் மட்டும் அதையேதான் ஏற்றுக்கொள்கிறோம்.

அடுத்தமுறை உங்கள் கார் நின்ற இடத்தில் நடுங்கினால், பொனட்டைத் திறக்கும் பாஸிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வையுங்கள். "பாஸ், ஸ்குரூவைத் தொடாதீங்க. முதல்ல பூஸ்டர் ஹோஸை நெரிச்சுப் பாருங்க. பார்க்கிற நேரத்துக்குக் கூலி தாறேன்." புகைப் பரிசோதனைத் தாளையும் கையில் கொண்டுபோங்கள்.